யாரோ ஒரு புலவர்

விஸ்வநத்தத்துக்கு மேற்கே, ஆபீஸ் என்று ஊரார் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையில் மத்தியானச் சோற்றுக்கு விட்டிருந்த நேரம். மைக்செட் சண்முகவேல் சைக்கிளை வாசல் வேம்பில் சாத்திவிட்டு, சுருட்டிய பேப்பர் ஒன்றைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"சின்னத்தாயி எங்கன இருக்கா? ஒன் பாட்டப் பத்திப் பேப்பர்ல போட்டிருக்கு தாயி! வேதமாணிக்கம் வாத்தியாரே எளுதியிருக்காரு!"

தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்த பெண்கள் மூடியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். அய்யம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால், மகளை நினைத்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று நாலு பேர் பேசுவார்களே! கம்பஞ்சோற்றை மோரில் கரைக்கிற பாவனையில் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கரைத்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

சின்னத்தாய் அவளுக்கு ஒரே மகள். அஞ்சாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அம்மாவோடு இந்த ஆபீசில் கட்டை அடுக்க வந்தவள். கட்டை அடுக்குவது என்றால் வேறொன்றுமில்லை. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய பலகையில் ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று பரப்பி, அதன்மேல் அடுத்த பலகையைப் போட்டு, கட்டை நிறைந்ததும் இறுக்கி முடுக்கி மருந்தில் முக்கக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து பொழுது அடைகிற மட்டும் இதே வேலை. வாய் சும்மா இருந்தால் கை தூங்கிவிடும். அதனால் பாட்டு. அந்த ஆபீசில் பாட்டுக் கட்டுகிறவள் சின்னத்தாய்தான். ஒரு பலகைக்கு ஒரு வரி. பலகையைத் தூக்கி மேலே போடுகிற நேரத்துக்கு ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி ஒரு வரி. ஆபீசே அவள் வாயைப் பார்த்து அடுக்கும்.

அவள் கட்டிய பாட்டுகளில் ஒன்று அம்மாவைப் பற்றியது. அய்யம்மாள் காடுகரையில் களை வெட்டி வளர்ந்தவள். மழை ஏமாற்றி ஏமாற்றி, நிலத்துக்காரர்களே மாட்டை விற்ற பிறகுதான் இவர்கள் குடும்பம் ஆபீசுக்கு வந்தது. வந்து என்ன? மேற்கே மேகம் இருட்டினால் இன்றைக்கும் அய்யம்மாளுக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். "வந்துரு தாயி, வந்துரு" என்று வானத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். பக்கத்தில் மகள் "போயிரு தாயி, போயிரு" என்பாள். மழை பெய்தால் மருந்து முக்கிய குச்சி காயாதே, வேலை கிடையாதே! ஒரே குடிசைக்குள் ஒருத்தி மழை கேட்கிறாள், ஒருத்தி வெயில் கேட்கிறாள். அதைத்தான் பாட்டாக்கினாள்.

*ஆத்தா மழை கேக்கா – எங்க*
*ஆபீசு வெயில் கேக்கு*
*வானத்து ராசாவே – நீ*
*யாருக்குத் தலையாட்டுவ?*

போன வருசம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது, சண்முகவேலின் மைக்கில் அவளை யாரோ பாடச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். அர்ச்சுனா ஆற்று மணலில் படுத்திருந்த சனமெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. மைக்செட்காரருக்கு எந்தப் பாட்டு எடுபடும் என்று தெரியாதா? கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் தட்டுச் சுழற்றியே நரைத்தவர். மதுரையிலிருந்த இசைத்தட்டுக் கம்பெனி ஏஜெண்டைப் பிடித்து, அம்மாவையும் மகளையும் மதராசுக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார். இந்த வைகாசியில் தட்டு வந்தது. சண்முகவேலின் கடையில் அதைப் போட்டபோது அய்யம்மாள் பாட்டைக் கேட்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுகிறபோது எழுத்து ஓடியது. நின்ற பிறகு மகள் விரல் வைத்துக் காட்டினாள்: 'பாடல் இயற்றிப் பாடியவர்: ஆ. சின்னத்தாய்.' ஆ என்பது ஆண்டிச்சாமி, அய்யம்மாளின் புருசன். பட்டாசு ஆபீசில் வலது கை வெந்து விரல்கள் ஒட்டிப்போன மனுசன். தன் பேரில் ஒரு எழுத்து மதராசு வரைக்கும் போய் வந்திருப்பதை அவர் ரெண்டு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தத் தட்டைப் பற்றித்தான் இப்போது பேப்பரில் வந்திருக்கிறது. விருதுநகரிலிருந்து வாரா வாரம் வரும் நாலு பக்கப் பேப்பர். அதில் புதுத் தட்டுகளுக்கெல்லாம் மதிப்புரை எழுதுகிறவர் சிவகாசியில் தமிழ் வாத்தியாராக இருக்கும் வேதமாணிக்கம். அவர் நல்லது என்று எழுதிவிட்டால் தட்டு விற்கும், கம்பெனிக்காரனும் அடுத்த தட்டுக்குக் கூப்பிடுவான் என்று சண்முகவேல் சொல்லி வைத்திருந்தார்.

"நீயே வாசி தாயி. ஒன் வாயால கேப்போம்" என்றார் அவர்.

சின்னத்தாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கினாள். எழுத்துக் கூட்டாமல், தண்ணி குடிக்கிற மாதிரி வாசித்தாள்.

"'மழையும் வெயிலும் என்ற புதிய இசைத்தட்டு நம் பகுதிப் பெண் ஒருத்தியின் குரலில் வெளிவந்துள்ளது. குரல் நாட்டுப்புறக் குரல், குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சு நின்றுவிடுவது பயிற்சிக் குறைவு. பாடலோ மிக உயர்ந்தது. எதுகையும் மோனையும் கைகோத்து வருகின்றன...'"

"அப்பிடிப் போடு!" என்றாள் பக்கத்துக் கட்டை சொர்ணலட்சுமி. அய்யம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"'...ஆனால் பாடலை இயற்றியவர் என்றும் அப்பெண்ணின் பெயரையே அச்சிட்டிருப்பது நம்பும்படியாக இல்லை. தீப்பெட்டித் தொழிற்சாலையில் கூலி வேலை செய்யும், எழுத்தறிவில்லாத ஒரு பெண்...'"

அவள் நிறுத்தினாள். சண்முகவேலின் முகம் சுண்டிப்போனது. பாவம், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"வாசி" என்றாள் அய்யம்மாள்.

"'...எழுத்தறிவில்லாத ஒரு பெண் இத்தகைய பாடலை இயற்றியிருப்பாள் என்று எண்ண இடமில்லை. யாரோ ஒரு புலவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் புலவர் யாராயினும் தன்னடக்கம் துறந்து முன்வர வேண்டும். அவர் கழுத்தில் மாலையிட நாம் காத்திருக்கிறோம்.'"

அய்யம்மாள் சோற்றுச் சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எளுத்தறிவில்லாதவளா? அந்த எளுத்த இப்ப வாசிச்சது யாரு? ஏம் மகளா, இல்ல அந்தா நிக்கிற வேப்பமரமா?"

"கோவப்படாத அய்யம்மா. பாட்டு உசத்தின்னுதான எளுதியிருக்காரு" என்றார் சண்முகவேல்.

"பாட்டு உசத்தி, கட்டுனவ மட்டம். அப்பிடித்தான அண்ணாச்சி? புள்ள நல்லாருக்கு, ஆனா நீ பெத்திருக்க மாட்டன்னு ஏங்கிட்ட எவனாவது வந்து சொன்னா நான் சும்மா இருக்கவா?"

அந்தப் பாட்டில் வரும் ஆத்தா அவள்தான். மழை கேட்ட வாய் அவள் வாய். அதை எவனோ ஒரு புலவன் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து எழுதினானாம்! அவன் எந்தக் காட்டில் களை வெட்டினான்? எந்த மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டான்?

சாயந்தரம் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ஆண்டிச்சாமி வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "விட்டுரு புள்ள. பெரிய மனுசரு. பேப்பர்ல எளுதுறவரு. நம்ம போயி என்னத்தப் பேச முடியும்?"

"நீங்க பேச வேண்டாம். நான் பேசுறேன்."

"பேசி?"

"தப்பா எளுதிட்டேன்னு திரும்ப எளுதச் சொல்லுவேன். எந்தப் பேப்பர்ல எளுதுனாரோ அந்தப் பேப்பர்ல."

சின்னத்தாய் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அரைக்கிறபோது எப்போதும் ஏதாவது முனகுவாள். அன்று அம்மிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து வாத்தியார் வீடு திரும்புகிற நேரம் பார்த்து அம்மாவும் மகளும் சிவகாசிக்கு நடந்தார்கள். வேதமாணிக்கம் வாத்தியார் கெட்டவரில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவர் சம்சாரம் பாக்கியவதி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு. ஆண்டிச்சாமியின் கைக்கு அத்தனை நாளும் கட்டுக் கட்டியவள். அடையாளம் தெரிந்துகொண்டு, கை எப்படி இருக்கிறது என்று விசாரித்து, கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இவ்வளவு நல்ல மனுசர்கள் வீட்டில் எப்படிச் சண்டை போடுவது என்று அய்யம்மாளுக்கே ஒரு கணம் தயக்கமாகிவிட்டது.

"வாத்தியாரய்யா, அந்தப் பாட்டு ஏம் மக கட்டுனது. ஏங் கண்ணு முன்னால கட்டுனது. தப்பா எளுதிப்புட்டீக. மாத்தி எளுதணும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உன் மகளைக் குறையாச் சொல்லலையேம்மா. குரலைப் பாராட்டித்தான் எழுதியிருக்கேன். பாட்டு எழுதுறது வேற விஷயம். அதுக்கு யாப்பு தெரியணும், இலக்கணம் தெரியணும். முப்பது வருஷமா இதையே சொல்லிக்கொடுக்கிறவன் நான். எனக்கே அப்படி நாலு வரி வராது."

"ஒங்களுக்கு வரலேன்னா அவளுக்கும் வராதா?"

பின்னால் நின்ற பாக்கியவதி சிரித்துவிட்டாள். "ஏங்க, அந்தப் பிள்ளை முகத்தப் பாத்தா பொய் சொல்ற மாதிரியா இருக்கு?" என்றாள்.

"நீ உள்ள போ" என்றார் வாத்தியார். பிறகு, நியாயமாக நடந்துகொள்கிறவர் என்கிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. ஒரு தலைப்பு தர்றேன். இங்கேயே ஒரு நாலு அடி பாடட்டும். பாடிட்டா மாத்தி எழுதுறேன். தலைப்பு, தாமரை."

சின்னத்தாய் அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தாள். "நான் தாமரையப் பாத்ததில்ல சார்."

"பார்க்கணும்னு என்னம்மா இருக்கு? புலவர்கள் எல்லாம் பார்த்தா பாடினாங்க?"

"பாக்காததப் பாட எனக்கு வராது சார்."

வாத்தியார் அய்யம்மாளைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்பது போலக் கையை விரித்தார். அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தெரியாமத்தான் கேக்கேன் வாத்தியாரய்யா. பேப்பர்ல வாராவாரம் எளுதுறீகளே, அத நீங்கதான் எளுதுறீகன்னு எவனாவது நம்பாம ஒங்களக் கூப்பிட்டு ஒக்கார வச்சு, எங்க, எளுது பாப்போம்னு கேட்டானா? கேக்கலைல்லா? ஏம் மகள மட்டும் எதுக்குக் கேக்கீக? கட்டை அடுக்குறவன்னா? எங்க தெருவுல பெறந்தவன்னா? அவ என்ன கம்பியில நடந்து காட்ட வந்தவளா? எந்திரிட்டி!"

காப்பி டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோயில் முடிந்து வந்தவர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். வழி நெடுக அய்யம்மாள் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்த மதிப்புரை அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ரெண்டு வாரம் கழித்துச் சண்முகவேல் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டே பேசினார். "கம்பெனிக்காரனும் அதப் படிச்சிருக்கான் அய்யம்மா. நமக்கு எதுக்கு வம்புன்னு பாக்கான். அடுத்த தட்டுக்கு மதுரையில ஒரு புலவர்கிட்டப் பாட்டு வாங்கியாச்சாம். சின்னத்தாயி பாடுனாப் போதுமாம். பேரு மட்டும் அவரு பேரு."

"பாட மாட்டேன்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்றாள் சின்னத்தாய், குடிசைக்குள்ளிருந்து.

இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லவே வாய் கூசுகிறது. கிணற்றடியில் தண்ணிக்கு நின்றபோது ஒருத்தி, பக்கத்தில் நிற்பவளிடம் கேட்கிற மாதிரி அய்யம்மாளுக்குக் கேட்க, "எளுதிக் குடுத்தவன் சும்மாவா எளுதிக் குடுத்திருப்பான்? எந்த ஊர்க்காரனாம்?" என்றாள். அய்யம்மாள், விடியற்காலையிலிருந்து ஊற ஊறக் கோரிக் கோரி நிறைத்த குடத்துத் தண்ணியை அப்படியே அவள் காலடியில் கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். தண்ணி அப்படி லேசாகக் கிடைக்கிற ஊரா அது! அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

ஆபீசில் பாட்டு நின்றுபோனது. சின்னத்தாய் வருவாள், குனிந்து உட்காருவாள், அடுக்குவாள், போவாள். "ஒண்ணு எடுத்து விடேன் தாயி, கை ஓட மாட்டேங்குது" என்று சொர்ணலட்சுமி கெஞ்சிப் பார்த்தாள். "எந்தப் புலவர்ட்ட வாங்கியாரணும்னு சொல்லுங்க, போயி வாங்கியாரேன்" என்றாள் சின்னத்தாய். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. குச்சி பலகையில் உராய்கிற சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்கும். கேட்டுக் கேட்டு அய்யம்மாளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது.

ஐப்பசியில் மழை வந்தது. சும்மா வரவில்லை, ஆபீசை மூடவைத்துவிட்டு அடைமழையாக வந்தது. காடெல்லாம் கறுத்து மினுங்கியது. அய்யம்மாள் குடிசை வாசலில் நின்று பார்த்தாள். கும்பிடக் கை எழவில்லை. பக்கத்தில் நின்று "போயிரு தாயி" என்று சொல்ல மகள் வரவில்லையே! மழை அவள் ஒருத்திக்காக மட்டும் பெய்துகொண்டிருந்தது. அதில் அவளுக்கு என்ன சந்தோசம் இருக்க முடியும்?

மழை விட்டு ஆபீஸ் திறந்த அன்றைக்கு, கட்டையில் கை வைத்ததுமே அய்யம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

அந்த ஆபீசுப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது அநியாயம் செய்து, நேரில் கேட்டும் திருந்தவில்லை என்றால் ஆளைப் பாட்டில் கட்டிவிடுவார்கள். பேர் சொல்ல மாட்டார்கள். அடையாளம் மட்டும் இருக்கும். அதற்கு ஒரே ஒரு சட்டம்: கட்டப்பட்ட ஆள் வந்து, "என்னையா பாடுறீங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் பாட்டில் உள்ளதெல்லாம் உண்மை என்று அவனே ஒப்புக்கொண்ட கணக்கு. முன்பு ஒரு கணக்குப்பிள்ளை நிறைந்த கட்டையைக் குறைக்கட்டை என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தான். பாட்டில் கட்டினார்கள். மடையன், வந்து கேட்டான். அதன்பிறகு அவனால் அந்த ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார முடியவில்லை. கடைசியில் ஒரு நாள் பொழுது விடியுமுன் வேறு ஆபீசுக்குப் போய்விட்டான்.

அய்யம்மாளுக்குப் பாடத் தெரியாது. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்: "வாத்தியாரு வாராரு, சைக்கிளுல வாராரு, பேப்பரு எளுதுன வாத்தியாரு, பெரிய மாலை வாங்கிக்கிட்டு, கண்ணாடி போட்ட வாத்தியாரு..."

பெண்கள் திகைத்துப் பார்த்தார்கள். சத்தம் ஒரு பக்கம், வரி ஒரு பக்கமாகப் போனது. பலகை விழுகிற இடத்தில் பாட்டு நிற்கவில்லை. பாட்டு நின்ற இடத்தில் பலகை விழவில்லை. சொர்ணலட்சுமி அடுக்கிய குச்சி தாறுமாறாகிவிட்டது. அய்யம்மாள் விடுவதாக இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மூன்றாம் தடவை சின்னத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "எம்மா, அப்பிடி இல்லம்மா! வாத்தியாரு வாத்தியாருன்னு எத்தன வாட்டி சொல்லுவ? மாலையில ஆரம்பிக்கணும். மாலைதான முக்கியம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் எளுத்தறிவில்லாதவ. தெரிஞ்சவ சொல்லு."

சின்னத்தாய் அம்மாவை முறைத்தாள். ஒரு பலகை நிறைகிற வரை குச்சியை அடுக்கினாள். பிறகு பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட்டை எடுத்தாள்.

*மாலை ஒண்ணு கையில – நம்ம*
*வாத்தியாரு தெருவுல*
*பாட்டுக் கட்டுன புலவன் கழுத்தப்*
*பாத்தீகளா, பாத்தீகளா?*

"அடி ஆத்தி!" என்று சொர்ணலட்சுமி தொடையில் தட்டினாள். ரெண்டாம் முறை ஆபீசே சேர்ந்துகொண்டது. "பாத்தீகளா" என்று ஒரு பக்கம் கேட்க, "பாத்தீகளா" என்று மறுபக்கம் திருப்பிக் கேட்டது.

*கழுதை கழுத்தப் பாத்தாராம் – அது*
*கத்திக்கிட்டு ஓடிச்சாம்*
*கிணத்துக்குள்ள பாத்தாராம் – அவர்*
*கண்ணாடிதான் விழுந்துச்சாம்*

*கட்டை அடுக்கும் பொம்பளைக்கும்*
*கழுத்து ஒண்ணு உண்டுன்னு*
*சொல்லிக் குடுக்க ஆளில்ல – ஒரு*
*பள்ளிக்கூடம் தேடுங்க!*

கடைசி வரி முடிந்ததும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அய்யம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து, கண்ணில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பாட்டுக்குக் கால் முளைக்க யார் சொல்லித்தர வேண்டும்? பெட்டி ஒட்டுகிற வீடுகளுக்குப் போனது. பக்கத்து ஆபீசுக்குப் போனது. பஸ்ஸில் ஏறிச் சாத்தூர் போனது. மல்லாங்கிணறு ஊரில் நாற்று நடுகிறவர்கள் பாடுகிறார்கள் என்று சண்முகவேல் வந்து சொன்னார். சிவகாசியில் வாத்தியார் சைக்கிளில் போனால் பின்னால் "பாத்தீகளா?" என்று ஒரு குரல் கேட்கும், திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். பாக்கியவதி வார்டில் ஊசி போடப் போன இடத்தில் நோயாளிகளே முனகினார்களாம். அவள் போர்வையை இழுத்து விடுகிற சாக்கில் சிரித்துவிட்டு, வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையாம்.

கார்த்திகை பிறந்து நல்ல வெயில் அடித்த ஒரு நாள், மத்தியானச் சோற்று நேரத்தில் ஆபீஸ் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வேதமாணிக்கம் வாத்தியார். வெயிலில் மிதித்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கப்போகிறாரா? படித்த மனுசர், அந்தக் கணக்குப்பிள்ளை செய்த முட்டாள்தனத்தைச் செய்வாரா?

செய்தார். "யார் இந்தப் பாட்டைக் கட்டினது?" என்று வாசலில் நின்றே சத்தம் போட்டார். "என்னைத்தானே பாடுறீங்க? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க முன்னாடி என்னால தலைகாட்ட முடியலை. யார் கட்டினதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

அய்யம்மாள் கை கழுவிவிட்டு நிதானமாக எழுந்து வந்தாள். "வாங்க வாத்தியாரய்யா. சாப்பிட்டீகளா?"

"சாப்பாடெல்லாம் இருக்கட்டும். யார் கட்டினது?"

"எங்களுக்கு என்ன தெரியும்? நாங்க கட்டை அடுக்குறவுக, கூலிக்காரிக. எதுகையும் மோனையும் நல்லாத்தான் இருக்காம். யாரோ ஒரு புலவரு எளுதிக் குடுத்திருக்கணும்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பிப் பாதியிலேயே அடங்கியது. வாத்தியாருக்கு முகம் சிவந்து காது வரைக்கும் ஏறியது.

"சும்மா இரும்மா! யாரை ஏமாத்தப் பார்க்கிறே? இது உன் மக கட்டினதுதான். எனக்குத் தெரியாதா? யார் பாடினாலும் வரி முடியிற இடத்துல ஒரு மூச்சு நிற்குதே, அந்த நிறுத்தம் வேற யாருக்கு வரும்? அந்தத் தட்டுல இருக்கிற அதே நிறுத்தம்! அந்தப் பாட்டைக் கட்டினவதான் இந்தப் பாட்டையும் கட்டியிருக்கா! இதுல எனக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.

அய்யம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"இதத்தான் வாத்தியாரய்யா, பேப்பர்ல போடச் சொல்லி ஒங்க வீடு தேடி வந்தோம்."

அவர் சின்னத்தாயைப் பார்த்தார். அவள் கட்டைக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், இந்தத் தடவை தலை குனியாமல். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "பத்திரிகை ஆசிரியரைக் கேட்கணும்... ஏற்கெனவே வந்துட்டதை மாத்திப் போடுறதுன்னா... பத்திரிகைக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்லம்மா?" என்று முணுமுணுத்தார்.

"ஏம் மகளுக்கும் இருக்கு" என்றாள் அய்யம்மாள்.

வாத்தியார் சைக்கிளைத் திருப்பினார். ஏறப் போனவர் ஒரு முறை நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார்.

வேலைக்கு மணி அடித்தது. பெண்கள் அவரவர் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சொர்ணலட்சுமி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாத்திப் போடுவாருங்கியா மதினி?"

சைக்கிள் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அய்யம்மாள் பலகையை எடுத்து மடியில் வைத்தாள்.

"போடுற வரைக்கும் பாடுங்கட்டி" என்றாள்.